மூன்றாம் பாட்டில் சாத்திய கதவு

நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியும் உப்பு மேடுகள் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அதே வெள்ளை, அதே உயரம். தூத்துக்குடி உப்பளத்தில் மூன்று வாரம் வேலை பார்த்தேன். பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி, செருப்புக்குள் கால் நுழையாமல் போன அன்று காலை கங்காணியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "போறீரா? சரி, தண்ணி குடிச்சிட்டுப் போவும்" என்றார். நல்ல வழியனுப்பல்தான். இதைவிட மோசமாக நான் கிளம்பிய இடங்கள் உண்டு.

எனக்கு ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் போர்வெல் வண்டி ஏறி, ஒடிசா, சத்தீஸ்கர், ஒரு தடவை கென்யா என்று எங்கெல்லாமோ பூமியைத் துளைத்தோம். கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது மங்கிவிட்டது. முழுச் செவிடு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரிக் கேட்கும். அதனால் யார் பேசினாலும் வலது பக்கத்தைக் கொடுத்து நிற்பேன். மரியாதையாகத் தலை சாய்த்துக் கேட்கிறான் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆனி மாதத்துக் காற்று. எங்கள் ஊர்க் காற்று வரும், போகும். இங்கே அது வந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. பழையகாயல் தாண்டியதும் சாலையோரம் ஒரு குட்டியானை வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றது. பின்னால் கறுப்புப் பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அந்த நிழலில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வே, இங்கன வாரும். வண்டி தள்ளுவீரா?"

"ரேடியேட்டர்ல தண்ணி இருக்குங்களா?"

"இருக்கும்."

"பாத்தீங்களா?"

"பாத்தா இல்லைன்னு தெரிஞ்சிரும்லா?"

வாய்க்காலில் இருந்து இரண்டு குடம் ஊற்றினேன். கீழே குழாய் ஒழுகியது. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. அவர் பெயர் செல்வம். ஏரலில் மைக் செட் வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அண்ணாச்சி, அதனால் எனக்கும். அவருடைய வேலையாள் முந்தின வாரம்தான் போயிருந்தான்.

"ஏன் போனான்?"

"சத்தத்த ஏத்தி எறக்குத மிக்ஸர்ல கைய வச்சான். நான் இருக்கையில மிக்ஸர்ல என் கை மட்டுந்தான் இருக்கணும். ஒயரு இழுக்கலாம், பெட்டி தூக்கலாம், ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தலாம். மிக்ஸரு என் பொண்டாட்டி மாதிரி. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

"என்னவே ஒவ்வொண்ணுக்கும் 'ங்க'? இழுத்து இழுத்துப் பேசுதீரு, கேக்கதுக்குத் தூக்கம் வருது."

அப்படித்தான் வேலை கிடைத்தது. படுக்க இடமும் உண்டு என்றார். இடம் என்பது பெட்டிகளின் மேல்தான். சனிக்கிழமை விடியும் வரை நன்றாகத் தூங்கினேன். பெட்டிக்குள் ஒரு போர்வெல் ஓடிக்கொண்டிருப்பதாகவும், தண்ணீருக்குப் பதிலாக உப்பு மேலே வருவதாகவும் கனவு வந்தது. யாரும் அதற்காக வருத்தப்படவில்லை. நானும் வருத்தப்படவில்லை.

ஏரலில் காலைச் சந்தைக்குள் வெற்றிலைக் கட்டின் பச்சை வாசம். எங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டு வாசம்தான் முதலில் வரும். கருப்பட்டிக் காபியும் இரண்டு தோசையும் வாங்கிக் கொடுத்து, அண்ணாச்சி ஒரு நோட்டீஸை என் முன்னால் வைத்தார். பெரியதாழை, ஞாயிறு மாலை, கோவில் திடல். கிடாருடன் ஒரு முதியவரின் படம். வெள்ளை முடி தோள் வரைக்கும். பெயர் வில்பிரட். கீழே 'சாஃப்ட் ராக் இசை மாலை' என்று இருந்தது.

"ராக்குன்னா எப்பிடி இருக்கும் தெரியுமா வே? தரை அதிரும். அதான் எட்டுப் பெட்டி ஏத்திருக்கேன். தூத்துக்குடியில இருந்து ரெண்டு வாடகைக்கு எடுத்தது."

"சாஃப்ட்டுன்னு முன்னால போட்டிருக்குதுங்களே."

"அது சும்மா, மரியாதைக்குப் போடுதது."

பெரியதாழைக்குப் போகும் வழியில் தேரி வந்தது. சிவப்பு மணல், காடு மாதிரிப் பரந்து கிடக்கிறது. அதில் பனைகள் கழுத்து வரை புதைந்து நின்றன. காற்று மேற்கிலிருந்து அந்த மணலை அள்ளிச் சாலையில் ஊற்றியது. கண்ணாடியை ஏற்றியும் பல்லில் நறநறவென்றது. அண்ணாச்சியின் வேட்டி கொஞ்ச நேரத்தில் செங்கல் நிறமாகிவிட்டது. பிறகு சட்டென்று ஒரு வளைவில் சிவப்பு முடிந்து, உச்சியில் சிலுவை வைத்த வெள்ளைக் கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் கடலும் நின்றன. வண்டியை நிறுத்தாமலே வேறு நாட்டுக்குள் போய்விட்டோம் என்று நினைத்தேன்.

கரையில் படகுகள் வரிசையாக ஏறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை, சாப்பாடு, தூக்கம். அதனால்தான் கச்சேரியை ஞாயிறு வைத்தார்களாம். சொன்னவர் ரொமால்ட். கப்பலில் எஞ்சின் அறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்க் கமிட்டித் தலைவர். கையில் மடித்த குடையோடு திடலை அளந்துகொண்டிருந்தார்.

"வில்பிரட் ஐயா கொழும்புல பொறந்தவரு. அவரு அம்மா இந்த ஊரு. ஓட்டல்ல, கப்பல்ல எல்லாம் பாடி, இப்போ ஆஸ்திரேலியாவுல மக வீட்டுல இருக்காரு. எழுவத்தெட்டு வயசு. அவரு கேசட்டு இல்லாத வீடு இந்த ஊருல கெடையாது. ஆனா அவரு காலு இந்த மண்ணுல பட்டதில்ல. நாளைக்குப் பாடுதாரு, மறுநாள் பிளேன் ஏறுதாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். தவறான காதுப் பக்கம் தாழ்த்தியதால் நான் சுற்றி வந்து நின்றேன். "மூணாவது பாட்டு வாரப்போ இந்தப் பயலுவ ஒரு சத்தம் போடுவானுவ. வீடு வீடாப் போயி சொல்லிட்டேன், போடக் கூடாதுன்னு. நீங்களும் மைக்குல யாரையும் வுட்றாதீக அண்ணாச்சி."

"என்ன சத்தம்?" என்றார் அண்ணாச்சி.

"அது ஒரு கேவலம், விடுங்க" என்று ரொமால்ட் குடையோடு போய்விட்டார்.

அது என்ன என்பது மத்தியானச் சாப்பாட்டில் தெரிந்தது. எங்களுக்குச் சாப்பாடு மெர்சி அக்கா வீட்டில் என்று கமிட்டி ஏற்பாடு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் காலையில் இட்லி, மாலையில் பொரித்த மீன் விற்கிறார். சாளை மீன் குழம்பை ஊற்றி ஊற்றி வைத்தார். எங்கள் ஊரில் மீன் என்றால் வாரம் ஒருநாள், ஐஸில் கிடந்து கண் செத்துப்போனது. இது நேற்றுவரை ஏதோ யோசித்துக்கொண்டிருந்த மீன்.

தெருவில் இரண்டு இளைஞர்கள் பைக்கில் போனார்கள். ஒருவன் கத்தினான்: "ஏளா மெர்சி, கதவச் சாத்து, மண்ணு வருது!"

"ஒங்க ஆத்தாளப் போயிச் சாத்தச் சொல்லுல, ஊத்தவாயி!" என்று அக்கா அகப்பையைத் தூக்கினார். கோபம் முகத்தில் மட்டும்தான் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "முப்பது வருசமா இதான் பொழப்பு, தம்பி."

அவர் கணவர் சேவியர், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். ஒரு தடவை திரும்பி வரும்போது வில்பிரட்டின் கேசட்டைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அப்போது ஊரில் பதிவு எடுக்கும் கடை இல்லை. ஒரு டேப்ரிக்கார்டரில் பாட்டைப் போட்டு, இன்னொன்றை அதன் முகத்துக்கு நேரே வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். பாட்டு முடியும் வரை வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது.

"ரெண்டு பாட்டு சுத்தமா ஏறிட்டு. மூணாவது ஓடும்போது மேக்கால இருந்து காத்து. தெறந்த கதவு வழியா மண்ணு வந்து டேப்புல விழுது. அவிய பதறிப் போயி, 'ஏளா மெர்சி, கதவச் சாத்து, மண்ணு வருது'ன்னுட்டாவ. நான் ஓடிப்போயிச் சாத்துனேன். கதவுக் கொண்டி விழுந்த சத்தமும் உள்ள ஏறிட்டு."

"அழிச்சிட்டு மறுபடி எடுக்கலைங்களா?"

"எடுத்திருக்கலாம். ஆனா அன்னைக்கே நாலு பேரு அதுல இருந்து எடுத்துட்டுப் போயிட்டானுவ. அவங்க கிட்ட இருந்து நாப்பது பேரு. ஒரிசினல் கேசட்டு தோணியிலேயே எங்கயோ போச்சு." அக்கா என் தட்டில் இன்னொரு மீனை வைத்தார். "ரெண்டு வருசத்துல அவியளும் தோணியோட போயிட்டாவ. ஒடம்பு கெடைக்கல."

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. என் தட்டில் குழம்பு போதுமா என்று பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

ஊரில் இருக்கும் அத்தனை கேசட்டிலும், பிறகு போனுக்கு மாறியபோது போனிலும், அந்த மூன்றாம் பாட்டின் நடுவே சேவியர் பேசுகிறார். கதவு சாத்துகிறது. கப்பலில் போன பையன்கள் அதை எந்தெந்தக் கடலிலோ போட்டுக் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு வந்தால் ஊரே சேர்ந்து அந்த வரியைச் சொல்லி, கதவுக்கு ஒரு கை தட்டும். அந்த இடத்தில் வில்பிரட் உண்மையில் என்ன பாடுகிறார் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அது இங்கிலீஷ் என்று ஒரு கட்சி, முத்தம் பற்றியது என்று ஒரு கட்சி. அதற்காக அடிதடியே நடந்திருக்கிறதாம்.

"போட்டோ இருக்கு" என்று சுவரைக் காட்டினார் அக்கா. "ஆனா அது பேசாதுல்லா. அவிய பேசுனதுன்னு இந்த உலகத்துல இருக்கது அந்த ஒத்த வரிதான். அந்த மனுசன் பாட்டுக்குள்ள எம் புருசன் குடியிருக்காவ. அந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு அது தெரியாண்டாமா? நாளைக்கு விட்டா அவரு இனிமே எங்க வரப் போறாரு? அவரு காதுல ஒருக்க விழணும், அம்புட்டுத்தான். ரொமால்ட் அண்ணன்ட்ட கேட்டேன். ஐயா மனசு நோவும், ஊருக்குக் கேவலம்னுட்டாவ."

கை கழுவும்போது தன் போனை எடுத்து நீட்டினார். "இதுல இருக்கு. நீங்க மிசினுகிட்ட நிப்பீயள்லா?"

"மிசின்ல கை வச்சா வேலை போயிருங்க."

"சரி. அப்போ வேண்டாம், தம்பி" என்று உடனே சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னதால்தான் போனை வாங்கிக்கொண்டேன். "பாக்கலாங்க" என்றேன். அதற்கு என் ஊரில் அர்த்தம், மாட்டேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை வேலை அதிகம். காற்றில் பெட்டிகள் சாயாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் மணல் மூட்டை வைத்துக் கட்டினேன். நாலு மணிக்கு வில்பிரட் வந்தார். கறுப்புச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. மெலிந்த ஆள். கிடாரைத் தானே தூக்கி வந்தார். கூட ஒரு கீபோர்ட்காரர், ஒரு டிரம்ஸ்காரர், இருவரும் கொழும்பு. மைக்கின் முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்தார். எட்டுப் பெட்டியும் அதிர்ந்து, கோவில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

"கொஞ்சம் குறைங்க, தம்பி."

அண்ணாச்சி குறைத்தார்.

"இன்னும் கொஞ்சம்."

குறைத்தார்.

"அந்தப் பக்கத்து ஆறு பெட்டியும் வேணாமே. இந்த ரெண்டு போதும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். முகம் விழுந்துவிட்டது. "இதுக்கு நான் எதுக்கு வே? ஒரு சைக்கிள் பெல்லு வச்சாப் பத்தாதா? இதா ராக்கு?"

ஆறு மணிக்கு ஆரம்பித்தது. சூரியன் தேரிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் பறந்த மணலால் வானமே சிவப்பாகக் கலங்கியிருந்தது. ஊர் முழுக்கத் திடலில். ஆண்கள் படகு விளிம்புகளில், பெண்கள் பாயில். மெர்சி அக்கா பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில், துவைத்து மடித்த நீலச் சேலையில் இருந்தார்.

நான் திருவிழாப் பாட்டுக் கச்சேரி கேட்டிருக்கிறேன். அங்கே பாட்டு நம்மைத் தேடி வந்து பிடிக்கும், ஓடினாலும் விடாது. இது அப்படி இல்லை. அந்தக் கிழவர் பக்கத்தில் படுத்திருக்கும் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போலப் பாடினார். குரலில் வயது தெரிந்தது. உயரமான இடங்களில் ஏறாமல், கீழேயே ஒரு சுற்று சுற்றி அந்தப் பக்கம் போய்விடுவார். முதல் பாட்டில் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாட்டில் பேச்சு நின்றது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். அலைக்கு எதிராகக் கத்திப் பேசியே பழகிய ஊர். அது மொத்தமும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு முணுமுணுப்பைக் கேட்டது.

நான் வலது காதை மேடைப் பக்கம் கொடுத்து நின்றேன். இடது காதில் கடல் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் போல இரைந்தது. இரண்டும் சேர்ந்து தலைக்குள் ஒரு அறையாக ஆனது. இத்தனை வருஷமும் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று சம்பாதித்தேன். சத்தம் குறையக் குறைய ஒரு இடம் பெரிதாகும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கால் வெடிப்பு எரிவது கூட வேறு யாருக்கோ எரிவது போல இருந்தது.

இரண்டாவது பாட்டில் ஊரும் சேர்ந்து மெதுவாகப் பாடியது. எல்லோருக்கும் எல்லா வரியும் தெரியும். கிழவர் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது பாட்டுக்குக் கிடாரில் முதல் விரல் பட்டதுமே திடலில் ஒரு அசைவு ஓடியது. ரொமால்ட் எழுந்து, குடையை ஊன்றி, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

மழை பெய்யும் ஒரு தெருவைப் பற்றிய பாட்டு. ஒருத்தி போய்விட்டாள். தெருவிளக்கு எரிகிறது. ஊரும் கூடவே பாடிக்கொண்டு வந்தது. அந்த இடம் வந்தது. ஊர் ரொமால்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தியதில், படகுகளில் கட்டிய கயிறு காற்றில் அடிப்பது கேட்டது. அந்த வெறுமையில் கிழவர் தனியாக, சேவியரின் குரலுக்குக் கீழே முப்பது வருஷம் புதைந்து கிடந்த வரியைப் பாடினார்:

"உன் குடை இன்னும் என் வீட்டில் இருக்கிறது."

அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஊர் அவரோடு சேரவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். படகு மேல் இருந்த ஒருவர், "ஏல, குடையா?" என்றார். "நான் முத்தம்னுலா நெனச்சேன்." பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் அடித்தார். மெர்சி அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் பலமாக வந்தது, ஆனால் கிழவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கிடாரை இறக்கிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"எல்லா வரியையும் எங்கூடவே பாடினீங்க. அந்த ஒரு இடத்தில மட்டும் ஏன் எல்லாரும் நிப்பாட்டினீங்க? அந்த வரி பிடிக்கலையா?"

ரொமால்ட் மேடைக்கு ஓடினார். "ஒண்ணுமில்ல ஐயா. மரியாதைக்குத்தான்."

"மரியாதைக்கு யாரும் இப்பிடி மூச்சைப் பிடிக்கமாட்டாங்க" என்றார் கிழவர். காயப்பட்ட மாதிரிதான் தெரிந்தது. ரொமால்ட் எதைத் தடுக்க நினைத்தாரோ அது நடந்துவிட்டது. கிழவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த பாட்டுக்காகக் கிடாரின் ஆணியைத் திருக ஆரம்பித்தார்.

நான் மெர்சி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருந்தால் ஒருவேளை நான் பேசாமல் நின்றிருப்பேன்.

அண்ணாச்சி வெற்றிலை துப்பக் குனிந்தார். போனை ஒயரில் மாட்டிப் பாட்டை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தது மத்தியானம் அண்ணாச்சி தூங்கும்போதே முடிந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று. போனில் பாட்டை ஓடவிட்டு, மிக்ஸரில் கையை வைத்து எல்லாப் பொத்தானையும் மேலே தள்ளினேன். எது எந்தப் பெட்டிக்கு என்று எனக்குத் தெரியாது. எட்டிலும் வந்தது.

"ஏளா மெர்சி! கதவச் சாத்து, மண்ணு வருது!"

இருபத்தைந்து வயசுக் குரல். அவசரம், கொஞ்சம் செல்லம், கொஞ்சம் பயம். திடலைத் தாண்டி, படகுகளைத் தாண்டி, கடல் மேலே போனது. பிறகு ஓடும் காலடி. பிறகு கொண்டி. டக்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். என் கையைப் பார்த்தார். மிக்ஸரைப் பார்த்தார். என் கையைப் பிடித்து, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல எடுத்துக் கீழே விட்டார். ரொமால்ட் முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா போடுங்க" என்றார் கிழவர்.

அண்ணாச்சியே போட்டார். பிறகு மூன்றாவது தடவையும். அடியில் தன்னுடைய இளம் குரல் பாடுவதைக் கிழவர் தலை சாய்த்துக் கேட்டார். அவருக்கும் ஒரு காது மங்கலோ என்னவோ.

"யார் மெர்சி?"

பெண்கள் பக்கம் பத்துக் கைகள் அக்காவைத் தள்ளி எழுப்பின. அவர் எழுந்து, சேலையை இழுத்துவிட்டு நின்றார்.

"நாந்தான் ஐயா. பேசுதது எங்க வீட்டுல உள்ளவிய. ஒங்க பாட்டக் கெடுத்துட்டாவ. அதுக்காவ ஏசிராதீய. அவிய இப்போ இல்ல. நீங்க ஒருக்க கேக்கணும்னு எனக்கு ஆச."

கிழவர் மேடை விளிம்புக்கு வந்தார். பிறகு, "கதவைச் சாத்தினீங்களா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே சாத்திட்டேன். அந்தச் சத்தமும் அதுல இருக்கு ஐயா. அது நானு."

கிழவர் கீபோர்ட்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். கிடாரை எடுத்தார். அதே மூன்றாவது பாட்டைத் திரும்பப் பாடினார். அந்த இடம் வந்ததும் குடை வரியைப் பாடவில்லை. விரலைக் கம்பியில் வைத்து அழுத்தி, இசையை நிறுத்தி, இடத்தைக் காலியாக விட்டார்.

ஊர் கத்தவில்லை. அவர் பாடுகிற மாதிரியே, யாரையும் எழுப்பிவிடாமல், மெதுவாகச் சொன்னது. ஏளா மெர்சி, கதவச் சாத்து, மண்ணு வருது. அந்த ஊர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதற்கு முன்பும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை. வழக்கமாக ஊரே தட்டும் அந்தக் கையை யாரும் தட்டவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். வலது கையைத் தூக்கி இடது உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினார். டக்.

கிழவர் அங்கிருந்து பாட்டை எடுத்துக்கொண்டு போனார்.

எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது. ஒயர்களைச் சுருட்டி, பெட்டிகளை ஏற்றி, தார்ப்பாய் கட்டினேன். கடைசி முடிச்சு போட்ட பிறகுதான் அண்ணாச்சி பேசினார்.

"ஆளு நல்ல ஆளுதான் வே நீரு. ஆனா சொன்னது சொன்னதுதான்."

"தெரியுமுங்க."

"எட்டுப் பெட்டியும் வேல செஞ்சிச்சுல்லா?" என்று கேட்டார். ரொம்ப நேரமாக அதைத்தான் கேட்க நினைத்திருக்கிறார். "சும்மா தரை அதிர்ந்துட்டு." தன் வெற்றிலைப் பொட்டலத்தில் பாதியைப் பிரித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். சைக்கிள் டியூப் கட்டு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்று கரையில் ஒரு படகின் மறைவில் தூங்கினேன். திங்கள் காலை அக்கா வீட்டுக்குப் போய் போனைக் கொடுத்தேன். ஆறு இட்லி வைத்தார். கிழவர் விடியற்காலமே போய்விட்டாராம். போகிற வழியில் வாசலில் காரை நிறுத்தி, இறங்கி, அந்தக் கொண்டியைத் தூக்கி ஒரு தடவை போட்டுப் பார்த்தாராம்.

"வேற ஒண்ணும் பேசலைங்களா?"

"பேசல. நாந்தான் சொன்னேன், ஐயா அந்தக் குடையத் திருப்பிக் குடுத்துருங்கன்னு." சட்னியை ஊற்றினார். "குடையாம் குடை. இதுக்கா முப்பது வருசம் அடிச்சிக்கிட்டானுவ? அந்த எடத்துல எங்க வீட்டு ஆளு பேசுனதுதான் தம்பி பொருத்தம்."

சாப்பிட்டுவிட்டுத் தேரிப் பக்கம் பார்த்து நடந்தேன். கால் கொஞ்சம் ஆறியிருந்தது. ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு எல்லாப் படகும் கிளம்புகிற நாள். கரையில் ஐஸுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஐஸ் லாரி ஒன்று மணலில் சக்கரம் புதைந்து நின்றது. தள்ளிவிட்டேன். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். இறக்குகிற ஆள் வரவில்லையாம். கரையோரம் இன்னும் ஆறு ஊர் போக வேண்டுமாம். வருகிறாயா என்றார். தூத்துக்குடிக்குத் திரும்புகிற வண்டிதான், ஆனால் உப்பு இல்லை, ஐஸ். சரி என்றேன்.

பின் பக்கம் ஏறினேன். உள்ளே இருட்டு. பெரிய பெரிய பாளங்கள் நெல் உமிக்குள் புகை விட்டுக்கொண்டு படுத்திருந்தன. வெடித்த பாதத்தை ஒன்றின் மேல் வைத்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக எரிச்சல் நின்றது. வெளியிலிருந்து சிவப்பு மணல் நூல் நூலாக உள்ளே பறந்து வந்து ஐஸில் ஒட்டியது.

"ஏலே!" என்று முன்னாலிருந்து டிரைவர் கத்தினார். இந்தத் தடவை வலது காதில் தெளிவாக விழுந்தது. "கதவச் சாத்து, குளுரு போகுது!"

சாத்தினேன். கொண்டி விழும் வரை கையை எடுக்கவில்லை.